கிளாஸ்டன்பரித் தண்ணீர்

நேற்று லில்லெஸ்ட்ரோம் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண்பிள்ளையின் ரப்பர் சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. தோளில் கூடாரப் பொதி; எங்கோ இசைவிழாவுக்குப் போய்வருகிறாள் போலும். அந்தப் பொதியின் ஈரப்புல் வாசம் ஒஸ்லோவில் இறங்கிய பிறகும் என்னை விடவில்லை.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியும் இசைவிழாவுக்குப் பெயர்போன ஊர்தான். ஆனால் நானும் என் மனைவி ராணியும் போனது இரண்டாயிரத்து ஏழு தை மாதத்தில். விழா நடக்கும் பக்கத்து வயல்களில் ஒரு மாடுகூட இல்லை, வெறும் சேறு. இனி நோவைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்று வைத்தியர்கள் ராணியிடம் சொல்லியிருந்தார்கள். ஊரில் மடு மாதாவுக்கு நேர்ந்தாயிற்று, லூர்துக்கும் போயாயிற்று. அவளோடு முதியோர் இல்லத்தில் வேலைசெய்த நோர்வேக்காரி ஒருத்தி, ஒவ்வொரு கோடையும் அந்த விழாவுக்குப் போகிறவள், அங்கே நோய் தீர்க்கும் ஊற்று ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டாள்.

லண்டனில் இருந்த அவள் தம்பி யோகன் காரில் கூட்டிப்போனான். தெருவெல்லாம் ஊதுபத்தி வாசம். பாதிக் கடைகள் பூட்டு. திறந்தவற்றில் நிறக்கற்களும் சோதிடச் சீட்டுகளும்.

"அக்கா, மடுவுக்குப் போறமாதிரி மெழுகுதிரியோட வந்திட்டாய். இஞ்சை சூனியக்காரியள்தான் கடை வைச்சிருக்கினம்."

"சூனியக்காரியும் தண்ணி குடிச்சுத்தானே சீவிக்கிறாள்? நீ போத்திலைப் பிடி."

ஊற்றுநீர் பட்ட கல்லெல்லாம் துருச்சிவப்பு. நானும் ஒரு மிடறு குடித்தேன். பழைய ஆணியை நக்கியதுபோல இருந்தது. ராணி வாயில் வைக்கவில்லை. அவள் நேர்த்திக்கடன் அப்படி: வீட்டில் ஒன்பது நாள் செபம், பிறகு வெறுவயிற்றில்தான் தீர்த்தம்.

பெட்டி அடுக்குவது என் வேலை; காலுறையைக்கூட நிறம் பார்த்து வைப்பவன் நான். திரும்பும் நாளில் போத்திலையும் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அவள் எடுத்துத் தன் கைப்பையில் வைத்தாள்.

"தீர்த்தத்தை உங்கட சப்பாத்தோட வைக்கவே?"

"ராணி, கையில தண்ணி கொண்டுபோக விடமாட்டினம்."

"அது பற்பசைக்குப் போட்ட சட்டம். இது தீர்த்தம்."

விமானநிலையத்தில் சோதனை செய்த இளைஞன் மரியாதையானவன். கொண்டுபோக முடியாது, வேண்டுமானால் இங்கேயே குடித்துவிடுங்கள் என்றான். பின்னால் வரிசை நின்றது.

"குடியப்பா, ஒரு வாய்," என்றேன்.

"குளிசை போடச் சாப்பிட்டிட்டன். இனிக் குடிக்கக்கூடாது."

"மாதா கோவிக்க மாட்டா, ராணி."

"வேண்டாம், விடுங்கோ." போத்திலைக் குப்பைத்தொட்டியில் அவளே வைத்தாள். எறியவில்லை, நிமிர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் செபத்தைத் தொடங்கவில்லை. யோகன் தொலைபேசியில், "நான் திரும்பப் போய் அள்ளி அனுப்புறன், அக்கா" என்று கெஞ்சினான். "ஏன் அலையிறாய்?" என்றாள். ஒஸ்லோவில் பனி கரையுமுன் போய்விட்டாள்.

முன்பெல்லாம் எங்கள் வீட்டில் எதற்கும் நேர்த்தி இருந்தது. வீட்டுத் திறப்பைக் காணவில்லையென்றால் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி, என் சாரதிப் பரீட்சைக்கு இரண்டு. நான் சிரிப்பேன், திறப்பு கிடைத்துவிடும். அந்தக் கடைசி வாரங்களில் அவள் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. நேரத்துக்குக் குளிசையைக் கொடுத்தேன், வாங்கி விழுங்கினாள்.