சகலை கட்டிய சிவப்புப் பூ

சாப்பாட்டுக் கூடத்தின் வடக்குச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தால்தான் சியூ தெஹாய்க்கு நூடுல்ஸ் தொண்டையில் இறங்கும். ஷாங்காயின் புதோங் பக்கம் இருக்கும் அந்த விமானத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை இறக்கையில் மாட்டி முடித்ததும், மாட்டிய குழுவில் ஒருவர் தலையணை அளவுக்குச் சிவப்புத் துணிப்பூ ஒன்றை எஞ்சினின் மூக்கில் கட்டுவார். அதைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவார்கள். பாதிக்கு மேல் படங்களில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது தெஹாய்தான்.

யான்செங் பக்கம் உப்பளத்து ஊர்க்காரர். மீசை முளைக்கும் முன்பே கப்பல் கட்டும் துறையில் கூலிக்குச் சேர்ந்து, வெல்டிங் பிடித்து, அப்புறம் விமானத்துக்கு வந்தவர். ஊர்ப்பேச்சு இன்னும் வாயை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்டுச் சிரித்த ஷாங்காய்க்காரர்களை அவர் ஒவ்வொருவராக நினைவில் வைத்திருந்தார்.

அவர்களில் முதல் ஆள் சகலை ஃபூ சாவ்மிங். மனைவி மெய்ஃபெங்கின் தங்கை புருஷன். ஷாங்காயிலேயே பிறந்தவன், பேச்சில் தேன் ஒழுகும். கல்யாணமான முதல் புத்தாண்டில் மாமியார் மீனிலேயே ருசியான கன்னச் சதையைக் கிள்ளி எடுத்து, மூத்த மருமகனைத் தாண்டி இவன் கிண்ணத்தில் வைத்தாள். இருபது வருஷமாகியும் அந்தத் துண்டு தெஹாயின் நெஞ்சிலேயே நின்றது. அதே தொழிற்சாலையில் சாவ்மிங் பயணிகள் உட்காரும் சீட்டுகளை மாட்டும் குழுவின் மேஸ்திரி. ஆனால் சீட்டுக்கு யாரும் பூக் கட்டுவதில்லை. அந்த ஒன்றில் மட்டும் தெஹாய்க்கு மனசு குளிர்ந்தது.

அதிலும் மண் விழுந்தது. விமானத்தின் உடம்பு இங்கே செய்வது, எஞ்சின் கடல் தாண்டி வருவது. இரண்டு அரசாங்கங்களுக்கும் முட்டிக்கொள்ள, அமெரிக்கா எஞ்சின் ஏற்றுமதிக்குக் கொடுத்திருந்த உரிமத்தை நிறுத்திவிட்டது. விமானங்கள் வரிசையாக நின்றன. எஞ்சின் இல்லாவிட்டால் முன்பக்கம் லேசாகி, விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். அதனால் எஞ்சின் இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புப் பாளங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தெஹாயின் குழு அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது. சீட்டு உள்ளூரில் செய்வது. அதை யார் நிறுத்த முடியும்? சாவ்மிங் ஓவர்டைம் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காரமாக வதக்கிய ஆற்று இறாலோடு தெஹாய் வீட்டுக்கும் வந்தான்.

"என்ன சகல, பாளமெல்லாம் சௌக்கியமா? தண்ணி ஊத்துறீங்களா, வளருதா?"

"ஒன் வேலயப் பாரு."

"கோவிச்சுக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள எஞ்சின் வரலேன்னா ஒங்க குழுவ எங்குழுவோட சேத்துடுறதா யாவ் மேடம் சொன்னாங்க. நீங்க வந்தா எனக்குப் பெரிய பலம்."

யாவ் மேடம் விமானம் பூட்டும் கொட்டகையின் தலைமை. அவர் சொன்னால் சொன்னதுதான். தெஹாயின் கையில் இருந்த இறால் அப்படியே நின்றது.

"நல்லதுதானே," என்றாள் மெய்ஃபெங். "வெறும் இரும்பத் தொடைக்கிறதுக்கு, தம்பிகிட்டப் போயி நாலு சீட்டு மாட்டுனா என்னவாம்?"

"இவங்கிட்டயா? அதுக்கு ஊருக்குப் போயி உப்பு வாரலாம்."

"உப்பும் இப்ப மெஷின்தான் வாருது, சகல," என்றான் சாவ்மிங். மெய்ஃபெங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் பெண்டாட்டி அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தெஹாய் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

மாசம் முடியப்போகிற நேரத்தில் உரிமம் திரும்பக் கிடைத்தது. இரண்டு எஞ்சின்கள் வந்து இறங்கின. தெஹாய்க்கு ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. மாசம் முடியும் முன் மாட்டிவிட்டால் குழு தப்பிக்கும், சுவரும் தப்பிக்கும். ஆனால் வரிசையில் முதலில் நின்ற விமானத்துக்குள் சாவ்மிங் குழு வேலை பார்த்தது. உள்ளே ஆள் இருந்தால் வாசலில் அவர்களுடைய பலகை தொங்கும். பலகையை அவர்களே கழற்றும்வரை இறக்கையில் யாரும் கைவைக்கக் கூடாது.

"நாளன்னிக்கி முடிச்சிடுறேன், சகல. பொறுங்க," என்றான் சாவ்மிங்.

சரியென்று தலையாட்டினார். உள்ளுக்குள் எரிந்தது. எஞ்சின் மாட்ட இவனிடம் அனுமதி வாங்கவேண்டியிருக்கிறதே.

மறுநாள் சாப்பாட்டு வேளை. கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. விமானத்துக்குள் சத்தமே இல்லை. பலகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான் என்று தெஹாய் தானே அதைக் கழற்றினார்.

"மேஸ்திரி, வாலுக்கு முட்டு குடுக்கலயே," என்றான் பளுதூக்கியில் இருந்த ஹான்.

"முட்டு அடுத்த விமானத்துல கெடக்கு. உள்ளதான் யாருமில்லயே, நிக்கும். எறக்குடா."

முதல் பாளம் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதின் கனம் இறக்கையை விட்டுப் பளுதூக்கிக்கு மாறும்போது, முன்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதை தெஹாய் பார்த்தார். உள்ளே தடதடவென்று பெட்டிகள் சரிந்தன. அதற்கு மேல் ஓர் அலறல்.

"தூக்குடா! மேல தூக்கு!"

பாளம் பழைய இடத்துக்கு ஏறியது. சக்கரம் மெதுவாகத் தரையைத் தொட்டது.

வாசலில் சாவ்மிங் வந்து நின்றான். காலில் செருப்பில்லை, கன்னத்தில் சீட்டுத் துணியின் வரி. முன்வரிசைச் சீட்டுப் பெட்டிகளை வால் பக்கம் அடுக்கிவிட்டு, குழு மொத்தமும் மதியத் தூக்கத்துக்குப் பின்வரிசையில் சாய்ந்திருக்கிறது. விமானத்துக்குள் தூங்கக் கூடாது என்பது சட்டம். எந்தக் குழுதான் தூங்காமல் இருந்தது?

யாவ் மேடம் ஓடி வந்தார். "பலகையக் கழட்டுனது யாரு?"

தெஹாய் வாயைத் திறக்குமுன் சாவ்மிங் முந்திக்கொண்டான். "மேடம், நாங்க உள்ள தூங்கிட்டோம். சத்தமில்லன்னா சகல என்ன நெனைப்பாரு? பாதித் தப்பு எம்மேல."

அவன் திட்டியிருந்தால் தெஹாய் திருப்பித் திட்டியிருப்பார். காட்டிக் கொடுத்திருந்தால் காலமெல்லாம் வெறுத்திருப்பார். இப்படி ஊர் பார்க்க நல்லவனாக நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தப் பேச்சு தனக்கு ஒருநாளாவது வந்ததுண்டா?

யாவ் மேடம் இருவருக்கும் அந்த மாசப் படியை வெட்டினார். "குழு ஒங்ககிட்டயே இருக்கட்டும், எஞ்சின நீங்களே மாட்டுங்க," என்றார் தெஹாயிடம். "ஆனா வாலச் சாயவெச்ச கை பூக் கட்டக் கூடாது. சாவ்மிங் கட்டட்டும்."

முட்டு கொடுத்து, ஆளை இறக்கி, முறைப்படி மாட்டினார்கள். கடைசி போல்ட்டை தெஹாய்தான் முறுக்கினார். சாவ்மிங் பூவோடு ஏணியில் ஏறினான்.

"சகல, நீங்களும் வாங்க, சேந்து நிப்போம்."

"கையெல்லாம் கிரீஸ்."

ஒதுங்கி நின்று பார்த்தார். பாவி, முடிச்சைச் சரியாகப் போடவில்லை. பூ ஒருபக்கம் சரிந்து தொங்கியது. அப்படியே படமாகிச் சுவரில் ஏறிவிடுமே! பொறுக்கமாட்டாமல் ஏறிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டு, பூவை அவிழ்த்து இழுத்துக் கட்டினார். அதே நேரம் படம் எடுத்துவிட்டார்கள்.

படம் இப்போது வடக்குச் சுவரில் இருக்கிறது. நடுவில் சாவ்மிங் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறான். பக்கத்தில் தெஹாயின் பின்னந்தலையும் வழுக்கையும். பூ மட்டும் நேராக இருக்கிறது. தெஹாய் இப்போதெல்லாம் தெற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்.