திரும்பும்போது மட்டும் ஏறும் ஊசி

எங்கள் வான் வண்டிக்குள் ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி எல்லாம் உண்டு. பலகை அறுத்து நானே பொருத்தியவை. எதிர்வீட்டுக்காரர் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குச் சில்லுப் பூட்டினனீரோ, சில்லுக்கு வீடு கட்டினனீரோ?" என்று கேட்டார். இப்படி யாராவது பகிடியாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறே வேண்டாம்.

மனைவிக்கு ஒரே ஆசைதான். அந்த வானில் மலைமேலுள்ள நுவரெலியாவுக்கு ஏறி, குளிருக்குள் ஓர் இரவு படுக்க வேண்டும். கந்தோரில் லீவும் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் சூடேறத் தொடங்கியது.

அதிலும் ஒரு விசித்திரம். இலங்கைத்துறையில் இருக்கும் அவளுடைய சின்னம்மாவைப் பார்க்க அடிக்கடி போவோம். போகும்போது வெப்பம் காட்டும் ஊசி நடுவில் அசையாமல் நிற்கும். திரும்பும்போது மூதூர் தாண்டியதும் மெல்ல மேலே ஏறும். டீசலையும் பார்த்தேன். புறப்படும்போது, தோப்பூரில் போக ஒருமுறை, வர ஒருமுறை, வீடு வந்ததும் என்று தாங்கியை நிரப்பி நிரப்பிக் கணக்கெடுத்ததில், அதே தூரத்துக்கு வரும்போது கொஞ்சம் கூடவே குடித்திருந்தது. எதிரே அடிக்கும் கச்சான் காற்றாக இருக்குமோ என்று நினைத்தேன். கச்சான் அடிக்காத நாளிலும் ஏறியது.

கராச்சில் தண்ணீர், விசிறி, பெல்ட் எல்லாம் பார்த்தார்கள். ஒரு பிழையும் இல்லை.

"இனி எஞ்சினைக் கழட்டித்தான் பாக்கோணும் அண்ணை. அதுவரைக்கும் மலைப்பக்கம் ஏத்தாதேங்கோ," என்றார் மெக்கானிக்.

"போகேக்க ஒண்டுமில்லை, வரேக்க மட்டும் காயுதெண்டா எப்பிடித் தம்பி?"

"அதுக்கும் வீட்டை வர மனமில்லையோ என்னவோ."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. கழட்டினால் லீவு கராச்சிலேயே முடிந்துவிடும். இன்னும் ஒரேயொரு தடவை ஓடிப் பார்க்கிறேன் என்று அவளிடம் கெஞ்சி, மறுபடி இலங்கைத்துறைக்குப் போனோம்.

சின்னம்மா யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒரு சாக்குப் பை நிறையக் கட்டாக் கருவாடு தந்தார். உள்ளே வைத்தால் மெத்தை முழுக்க மணக்கும். ஆகவே வழக்கம்போல வானின் முன்பக்கக் கம்பிகளில் குறுக்கே பரத்திக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

தோப்பூரில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். திரும்பி வந்து பார்த்தால், ஒரு நாய் பையை இழுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடுகிறது. கூவிக்கொண்டு பின்னால் போனோம். அதற்குள் அதன் சொந்தபந்தமெல்லாம் வந்துவிட்டது.

மூதூர் வரும்வரை மனைவி நாயைத் திட்டினாள். பிறகு, முடிச்சை இறுக்காத என்னைத் திட்டினாள். கிண்ணியாப் பாலத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா, நாய் கொண்டுபோனதுக்குச் சிரிக்கிறியள்?"

"ஊசியைப் பாரும்."

"ஊசி கிடக்கட்டும். அவ்வளவு கட்டாவும் போச்சு."

"பாலத்துக்கு வந்திட்டம். இன்னும் ஏறேல்லை."

அவள் ஊசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியை ஒவ்வொரு முறையும் கருவாட்டுப் பையால் நாங்களே அடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம் என்பது இருவருக்கும் ஒன்றாகவே விளங்கியது.

"எஞ்சினுக்கு மூக்கைப் பொத்திப்போட்டு, அதுக்குக் காய்ச்சல் எண்டு கராச்சுக்குக் கொண்டுபோனனீங்களே!"

ஒருமுறை பார்த்ததை நம்பி மலை ஏறவும் மனம் வரவில்லை. அடுத்த நாள் வேறொரு சாக்கில் பழந்துணி அடைத்து அதே இடத்தில் கட்டி, சீனன்குடா தாண்டி ஓட்டினேன். ஊசி ஏறியது. அவிழ்த்தேன், இறங்கியது. மறுபடி கட்டப் போனேன்.

"போதும் விடுங்கோ, அது பாவம்," என்றாள்.

அந்தக் கிழமையே மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஊசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏற்றம் கடுமையான ஓரிடத்தில் கொஞ்சம் உயர்ந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டோம். இறங்கியது. பொழுதுபடும் நேரம் நுவரெலியா வந்து சேர்ந்தோம். எங்கும் பனிப்புகார். அவள் இரண்டு சுவெட்டர் போட்டும் பல் அடித்துக்கொண்டது.

எங்கள் வானில் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. இரவு படுக்குமுன் அவள் அதன் மேல்மூடியில் இரண்டு உள்ளங்காலையும் வைத்துப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சப்பா. கொஞ்சம் சூடாக்கேலாதோ?"

எஞ்சினை ஓடவிட்டேன். ஊசி எப்போது ஏறும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.