வசந்தா இரிப்பு

போன வாரம் என் மகள் போனில் பார்த்து வாங்கிய பேன்ட் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் தொங்கிய அட்டையில் 'மிட் ரைஸ்' என்று போட்டிருந்தது. "என்னட்டி, பேன்ட்டோட சாதமும் குடுத்து விடுதானா?" என்று கேட்டேன். நான் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "அம்மா, அது சோறில்ல. இடுப்புலேருந்து கீழ கால் பிரியுத இடம் வரைக்கும் உள்ள அளவாக்கும். ஒண்ணும் அறியாம பேசாத," என்றாள்.

எனக்கா தெரியாது! ஆனால் அவளிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது. புதுத்துணியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று திருப்தியாகி, சோபாவில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாகப் பின்னால் போய், இறங்கிய பேன்ட்டை மேலே இழுத்துவிட்டது. அந்த ஒரு இழுப்பில் நான் அந்தக் காலத்துப் பழவங்காடிக்குப் போய்விட்டேன்.

பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், பெண்களுக்கு மட்டும் தைக்கிற கடை ஒன்று இருந்தது. ரமணி சேச்சியின் கடை. கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்த புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்த்தார். எனக்கு மலையாளம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் பேசிவிட்டுக் கடைசியில் ஒரு 'ஆணு' சேர்த்துவிடுவேன். சேச்சி பாவம், அதையும் புரிந்துகொள்வாள். துணி வெட்டுவதற்கு இசக்கிமுத்து அண்ணன் இருந்தார், அம்பாசமுத்திரம் பக்கம். அவர் என்னைவிடப் புதுசு. கடைக்குள் எப்போதும் கஞ்சித்துணி தேய்க்கிற வாசனையும், மிஷின்கள் ஓடுகிற இரைச்சலும். அது போதாதென்று கோயிலில் சிதறுதேங்காய் உடைபடும் சத்தம் வேறு. நாங்கள் எல்லோருமே கொஞ்சம் கத்தித்தான் பேசுவோம். வீட்டில் என் வீட்டுக்காரர் "ஏன் சண்டைக்கு வருத?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

அங்கேதான் வசந்தா வந்தாள். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவள், நம்ம தமிழ்க்காரி. புருஷன் செத்தபிறகு அவன் வண்டியை எடுத்து ஓட்டினாள். முதலில் சேலைக்கு மேலே காக்கிக் கோட்டு. சேலை காலில் சிக்குகிறது என்று பேன்ட்டுக்கு மாறினாள். எங்கள் கடையில்தான் தைத்தோம். நிற்கும்போது அது நன்றாகத்தான் இருந்தது. தகராறு வண்டியில் இருந்தது. இப்போது போல பொத்தானை அமுக்கினால் கிளம்பும் வண்டியல்ல அது. ஒவ்வொரு சவாரிக்கும் குனிந்து, கீழே இருக்கிற லிவரைப் பிடித்து வெட்டி இழுக்க வேண்டும். குனிந்தால் கோட்டு மேலே ஏறும், பேன்ட் பின்னால் இறங்கும். ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிறவர்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? "வசந்தேச்சீ, டிக்கி தொறந்நு கெடக்குணு" என்பானாம் ஒருத்தன். மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

அந்தப் பேன்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வசந்தா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "திங்கக்கெழம கொழுந்தன் சாவி வாங்க வாறான். இது பொம்பளைக்கு உள்ள பணியில்லன்னு அவன் அன்னைக்கே சொன்னான். குடுத்துட்டா நான் ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவத்தான் போணும். வண்டி ஓட்ட எனக்குப் பயமில்ல அக்கா. குனியத்தான் பயமாக் கெடக்கு."

சேச்சி பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. "இசக்கீ, இரிப்பு கூட்டணம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "சரி சேச்சி" என்று பதில் வந்தது. சனிக்கிழமை வசந்தா வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்த சூட்டோடு, அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் வண்டிச் சாவி. பிடியை விட்டால் பேன்ட் கீழே வந்துவிடும் போலிருந்தது. பெல்ட்டை இறுக்கியதில் இடுப்பைச் சுற்றி சாக்குமூட்டை வாய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. "எனக்கு இனி இந்தப் பண்டாரம் புடிச்ச பேன்ட்டு வேண்டாம் சேச்சி. அவன் ஸ்டாண்டுல வந்து நிக்கான். சாவியக் குடுக்கப் போறேன். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சேச்சிக்கு வந்ததே கோபம். "இசக்கீ, ஞான் இரிப்பு கூட்டான் அல்லே பறஞ்ஞது?"

"இடுப்பத்தான சேச்சி கூட்டியிருக்கேன். ரெண்டு பக்கமும் பிரிச்சு, இருந்த துணியெல்லாம் விட்டிருக்கேன்."

"இடுப்பல்ல. இரிப்பு!"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "இருப்புன்னா பலசரக்குக் கடையில சரக்கு இருப்புன்னு தெரியும். பேன்ட்டுல என்ன சேச்சி இருப்பு?"

நான்தான் குறுக்கே விழுந்தேன். "அண்ணாச்சி, இரிக்கதுன்னா இங்க உக்காருததாக்கும். உக்காருத அளவக் கூட்டச் சொல்லியிருக்கா." அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து முதலில் சிரித்தது வசந்தாதான். சாவியை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வண்டி எவிட?" என்றாள் சேச்சி. சந்துக்குள் கொண்டுவரச் சொன்னாள். நானும் கடையில் தைக்கிற இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு முனையாகப் போர்வையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். இசக்கிமுத்து அண்ணன் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வசந்தா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லிவருக்குக் குனிந்தாள். சேச்சி டேப்பை இடுப்பின் பின்பக்கத்திலிருந்து அடியாக முன்பக்கம் வரை கொண்டுவந்தாள். நின்றபோது பொருந்திய அளவு, குனிந்தபோது பின்னால் நாலு விரற்கடை குறைந்தது. முன்னால் துணி மிஞ்சி மடிந்தது. இந்தத் தடவை அளவைச் சேச்சி சொல்ல, நான் தமிழில் கத்தினேன்.

கூட்டிய இடுப்பை மறுபடி பிடித்துத் தைத்தார்கள். பின்பக்கப் பட்டையைப் பிரித்து, நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிகிற மாதிரி ஒரு துண்டு வைத்தார்கள். அதே காக்கி கிடைக்கவில்லை, வைத்தது கொஞ்சம் பச்சையடித்தது. "கோட்டு மறைச்சிரும்," என்றார் அண்ணன். அதுவரை வசந்தா என் மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு, தேய்க்கிற மேசையில் ஏறி உட்கார்ந்து சாயா குடித்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொழுந்தனே சந்து முனைக்கு வந்தான். சேச்சி அவனிடம், "அவள் சாயா குடிச்சிட்டு வரும். மோன் போ," என்றாள்.

பிறகு நடந்ததை வசந்தா சொல்லித்தான் தெரியும். ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க, கொழுந்தன் எதிரிலேயே குனிந்து லிவரை இழுத்தாளாம். பேன்ட் இருந்த இடத்திலேயே இருந்ததாம். "எங்க போணும்? ஏறு, கொண்டு விடுதேன்," என்று அவனிடமே கேட்டாளாம். அவனும் ஏறினானாம்.

ஒரு மாதம் போயிருக்காது. டிக்கி என்று சொன்னவனே ஒரு மத்தியானம் எங்கள் கடைப் பின்வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சேச்சீ, அது... வசந்தா இரிப்பு எனிக்கும் வேணம்." குனிந்தால் அவர்களுக்கும் இறங்கத்தான் செய்திருக்கிறது, யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆண்களுக்குத் தைப்பதில்லை என்று சேச்சி முதலில் முறைத்தாள். அப்புறம் இசக்கிமுத்து அண்ணனை ஸ்டாண்டுக்கே அனுப்பி அளவெடுக்க வைத்தாள். அவர் என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி 'வசந்தா இரிப்பு' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சந்தில் இப்போது போன் கடைகள். சேச்சி மகளோடு துபாயில் இருக்கிறாள். அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். நான் வீட்டில் ஆல்டரேஷன் மட்டும் செய்கிறேன். வசந்தா கடைசி வரைக்கும் ஓட்டினாள், போன மழைக்கு முந்திய மழையில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். வண்டி கொழுந்தன் கைக்கு வந்தது. பொத்தான் வண்டிக்கு மாறிய பிறகும் அவள் பேன்ட்டை மட்டும் அதே அளவில்தான் என்னிடம் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு ஒருநாள் அந்தக் கொழுந்தனே காக்கித் துணியோடு வந்தார். தலை நரைத்திருந்தது. எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டேன். வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டார். எங்கள் ஆட்களில் மதினியைப் பேர் சொல்லுகிற வழக்கமில்லை.

"அந்த... மதினி இரிப்பு," என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். "இரிங்க," என்றேன். அதற்குப் பிறகு எந்தப் பேரைச் சொல்லியும் அந்த அளவை யாரும் என்னிடம் கேட்டதில்லை.