மிதித்துப் பார்த்த கால்

சாரம் கட்டும் மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். பலகையைக் கட்டி முடித்ததும் அதன் நடுவில் ஏறி நின்று ஓங்கி மிதிப்பார். பலகை முனகினால் அவிழ்த்துவிடுவார். அவர் மிதிக்காத பலகையில் எவனாவது கால் வைத்தால் வசவு வாங்கிக் கட்டிக்கொள்வான். அதனாலேயே அவர் ‘மிதியார்’ ஆனார். அவர் கட்டிய சாரத்திலிருந்து யாரும் விழுந்ததில்லை. அவரைச் சாய்த்தது, மணல் கொட்டிவிட்டுப் பின்னோக்கி வந்த லாரி.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள், சீழ் பிடித்தது. அதை எடுத்துவிட்டு வெளியே கம்பி போட்டார்கள். சீழ் வற்றியதே தவிர எலும்பு கூடவில்லை. வருஷக்கணக்கில் கட்டிலில் கிடந்து, ஜன்னலுக்கு எதிரே எழும்பும் கட்டடத்தைப் பார்த்து, “கட்டியிருக்கான் பாரு, கோழிக்கூடு” என்று பொருமிக்கொண்டிருந்தார். காது கொடுக்க மனைவி ஒருத்திதான்.

எலும்பு டாக்டர் கடைசியாக ஒரு வழி சொன்னார்.

“எலும்பை வளரத் தூண்டுற புரதம் ஒண்ணு இருக்கு. பஞ்சு மாதிரி ஒண்ணை அதுல நனைச்சு முறிஞ்ச இடத்துல வைப்போம். சீக்கிரம் கூடும். ஆனா புது எலும்பு ஈரக் காங்கிரீட் மாதிரி. நான் சொல்ற வரைக்கும் பாரம் போடவே கூடாது. இதுவும் போச்சுன்னா காலை எடுக்கணும்.”

மிதியார் தலையாட்டினார். ஈரக் காங்கிரீட்டைப் பற்றி அவருக்கா சொல்லித்தர வேண்டும்!

வைத்தார்கள். எக்ஸ்ரேயில் இடைவெளியில் புகைபோல வெள்ளை படர்ந்தது. டாக்டரே சிரித்துவிட்டார். கம்பியைக் கழற்றி மாவுக்கட்டுப் போட்டார். வலியும் போனது.

அங்கேதான் வந்தது வினை. இந்தக் காலோடு மேலே ஏறினால் தாங்குமா? தாங்காமல் கீழே நிற்கிறவன் தலையில் விழுந்தால்? இந்த நினைப்பு அவரை அரித்தது. கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளா அவர்? மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, சுவரைப் பிடித்து எழுந்து, அந்தக் காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

சத்தம் குளியலறைவரை கேட்டது. பாவி மனுஷன்!

மாவுக்கட்டை வெட்டிப் பார்த்தபோது எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. திரும்பவும் சீழ் வைத்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“மிதிக்காம இருந்திருந்தா?” என்றாள் மனைவி.

“முக்கால்வாசி கூடியிருந்ததும்மா. கொஞ்ச நாள்ல நடந்திருப்பார்.”

அவள் கட்டிலருகே வந்தாள். “இத்தனை நாள் உங்களைத் தூக்கிச் சுமந்தேனே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

மிதியார் வாய்விட்டு அழுதார். அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. நர்ஸ் நீட்டிய காகிதத்தில், காலை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள்.