மூன்று பின் ஒயரில் வந்த மாமனார்

நான் சாமியையே ஒழுங்காகக் கும்பிடாதவன், ஆவி பேய்க்கெல்லாம் எங்கே போவது? யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவேன். அதனால் நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு ஆடியோ பைத்தியம், கூடத்தில் ஸ்பீக்கர்களுக்குப் போக மிச்ச இடத்தில்தான் என் மனைவி புஷ்பா நடமாட வேண்டும். கிள்ளானில் இருந்த அவள் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் குரல் இருந்தது ஒரே ஒரு கேசட்டில், எங்கள் கல்யாணத்தில் வந்தவர்களுக்கு அவர் நன்றி சொன்னது. என் பழைய ஆம்ப்ளிஃபயரில் போட்டால் ஒரே இரைச்சல், அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

"திதிக்கு முன்னால ஒரு தடவ அப்பா பேசுறத தெளிவா கேக்கணுங்க. இத்தன பெட்டி வாங்கி அடுக்கியிருக்கீங்க, இதுகூட முடியாதா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிலிருந்து பெரிய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தேன். அது பாலன்ஸ்ட் வகை, ஒரே ஓட்டையில் மூன்று பின். என் கேசட் டெக்கோ வீட்டுச் சாமான், அன்பாலன்ஸ்ட், இடது வலது என்று தனித்தனி ஓட்டை. இரண்டையும் சேர்க்கும் ஒயர் கடையில் கிடைக்கவில்லை, நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பெரிய இன்ஜினியர் மாதிரி இடதை ஒரு பின்னிலும் வலதை இன்னொரு பின்னிலும் கொடுத்து, மூன்றாவதை எர்த்துக்கு விட்டேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேசட்டைப் போட்டேன். இரைச்சல் இல்லை, ஆனால் நாதஸ்வரமும் இல்லை, கூட்டத்தின் சத்தமும் இல்லை. சரி, இன்றைக்குத் திட்டுதான் என்று நினைத்தபோது மாமனார் குரல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல்.

"பாப்பா, சாப்டியா?"

"சாப்டேன்ப்பா," என்றாள் புஷ்பா, யோசிக்கவே இல்லை.

அவர் இன்னும் ஒரு வரி பேசினார், அதோடு சரி. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை அப்படிப் பார்த்த சந்தோஷத்தில், நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குப் பயப்படக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் ரேடியோ ரிப்பேர் செய்யும் என் கூட்டாளி சிவம் வந்து ஒயரைப் பார்த்தான்.

"என்னா பாஸ் இது? இந்த ஆம்ப்ளிஃபயர் ரெண்டு பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தத்தான் எடுக்கும் லா. ஒத்த மைக்ல பதிஞ்ச கேசட்டு, ரெண்டு பக்கமும் அதே சத்தம். ஒன்ன ஒன்னு கழிச்சிரும், ஒன்னுமே கேக்காதே!"

போட்டுப் பார்த்தோம், உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பா மட்டும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சிவம் ஒயரைச் சரியாக மாற்றிக் கொடுத்த பிறகு நாதஸ்வரம், கூட்டம், நன்றியுரை எல்லாம் சுத்தமாக வந்தன. பாப்பா என்றோ, சாப்பிட்டாயா என்றோ அதில் எங்கேயும் இல்லை.

அவர் பேசிய இன்னொரு வரியைச் சிவத்திடம் நான் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை புஷ்பா வைத்த மீன் கறியில் உப்பு கம்மி என்று நான் முகத்தைச் சுளித்தேன், அப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெட்டிக்குள்ளிருந்து மாமனார் சொன்னது இதுதான்: "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா, மாப்ள சும்மா சொல்றாரு."

இன்றைக்கும் சாப்பாட்டில் குறை சொல்ல வாயைத் திறந்தால் என் கண் தானாக ஸ்பீக்கர் பக்கம் போகிறது.