கண்டிகோட்டாவுக்குப் போகாதவள்

நான் புவியியல் சொல்லித்தரும் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாடம் வரும்: உலகின் இயற்கை அதிசயங்கள். அயர்லாந்துக் கடற்கரையில் அறுகோணத் தூண்களாக நிற்கும் எரிமலைப் பாறை. மழைநீர் தேங்கினால் வானத்தைக் காட்டும் பொலிவியாவின் உப்பு வெளி. சுண்ணாம்பு படிந்து படிந்து வெள்ளைப் படிக்கட்டாகிவிட்ட துருக்கி மலைச்சரிவு. இந்தப் பாடத்தை நான் நன்றாகவே நடத்துவேன். கடைசி பெஞ்சு கூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை தவறாமல் எழுந்து நிற்கும்.

“மிஸ், நீங்க இதுல எத்த பாத்துகீறீங்க?”

“எதையும் பார்த்ததில்லை.”

“ஒண்ணு கூடவா?”

அயர்லாந்துக்கும் பொலிவியாவுக்கும் யாரும் என்னிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் கண்டிகோட்டா ஆந்திராவில்தான் இருக்கிறது. விடியற்காலையில் வேன் ஏறினால் மாலைக்குள் போய்விடலாம். பெண்ணாறு செந்நிறப் பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கீழே பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும்போது அப்படி ஒரு வேனில் எனக்கு இடம் கிடைத்தது. நான் ஏறவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் குப்பத்தில். முன்வாசலில் இறங்கினால் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், பின்வாசலில் இறங்கினால் பாறை. மணல் கிடையாது. ஆள் உயரக் கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், அவற்றின் மேல் அலை வந்து மோதும். துணி காயவைப்பது, கருவாடு காயவைப்பது, பேன் பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் அந்தப் பாறையில்தான். நான் பிறந்ததிலிருந்து கடற்கரை என்றால் அதுதான். மெரினாவை முதன்முதலில் பார்த்தபோது, இவ்வளவு மணலை யார் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று அம்மாவிடம் கேட்டேனாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கைநாட்டு. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். பஸ் நம்பரை மட்டும் வாசிப்பார். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, மீன் கட்ட வாங்கிவரும் பழைய பேப்பரில் ஒருநாள் அந்த அயர்லாந்துப் பாறையின் படம் இருந்தது. கருப்புக் கல், பின்னால் அலை. நான் படத்தை வெட்டிச் சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டினேன். அதன் பிறகு கண்ணில் பட்ட மலை, குகை, பாலைவனம் எல்லாம் அந்த நோட்டுக்குள் போயின. அம்மா அதை அக்கம்பக்கத்தில் காட்டுவார். “பாரு, எம்பொண்ணு உலகத்தையே சோத்துல ஒட்டி வச்சிகீது.”

அந்த நோட்டுதான் என்னைக் கல்லூரியில் நிலவியல் எடுக்கவைத்தது. கணக்கு எடு, பி.காம் எடு, பேங்க் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கல்லைப் படித்து என்ன செய்வாய் என்றார்கள். பார்ப்பேன் என்று மட்டும்தான் பதில் வைத்திருந்தேன். படத்தில் இருப்பதில் ஒன்றையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலாம் ஆண்டு முடியும் நேரத்தில் துறையிலிருந்து கண்டிகோட்டாவுக்குக் களப்பயணம் அறிவித்தார்கள். வேனில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். எங்கள் வகுப்பில் முப்பது பேருக்கு மேல். ஒவ்வொருவரும் தன் ஊரில் இருக்கும் ஓர் இயற்கை நில அமைப்பைப் படம் எடுத்துவந்து வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், நன்றாகப் பேசுகிற பன்னிரண்டு பேருக்கு இடம் என்று பேராசிரியர் சொன்னார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. மற்றவர்கள் ஊருக்குப் போய்த் தேட வேண்டும். எனக்குப் பின்வாசல் கதவைத் திறந்தால் போதும்.

மூன்று நாள் அந்தப் பாறைகளை விதவிதமாகப் படம் எடுத்தேன். எங்கள் பாறைகளில் ஒரு விசேஷம் உண்டு. பலவற்றின் பக்கவாட்டில் கட்டை விரல் நுழையும் அளவில், நூல் பிடித்ததுபோல நேரான பள்ளம் ஓடும். பாதிக் குழாயை நெடுக்கில் பதித்து எடுத்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதில்தான் கோலிக்குண்டு உருட்டுவோம். இந்தப் பள்ளங்களைப் பற்றி நூலகத்தில் தேடினேன். அலை மணலையும் கூழாங்கல்லையும் கொண்டுவந்து பாறையை அரைக்கும், பலவீனமான கோடுகளில் பள்ளம் விழும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

லாரிகள் கல் கொண்டுவருவதை நான் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி, அலையைத் தடுக்கக் கடலுக்குள் தூண்டில் வளைவு கட்டியபோது நாள் முழுக்க லாரி வந்தது. ஆனால் அது வேறு, எங்கள் பாறை வேறு என்றுதான் நினைத்திருந்தேன். சொந்தப் பல்லுக்குப் பக்கத்தில் கட்டுப்பல் வைப்பதுபோல, இயற்கையான பாறைக்குப் பக்கத்தில் இவர்கள் கல் போடுகிறார்கள் என்று.

நான் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நைனா ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

“நம்ம கல்லா? இத்த எதுக்கு போட்டோ புடிச்சிகினு கீற?”

“காலேஜுக்கு.”

“இதுல காலேஜுல சொல்றதுக்கு இன்னா கீது?”

“நைனா, உனக்குப் புரியாது. சும்மா இரு.”

அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வகுப்பில் எனக்கு முன்னால் பேசியவர்கள் செஞ்சி மலையின் உருண்டைப் பாறைகளையும் தேரிக்காட்டுச் செம்மணலையும் ஒகேனக்கல்லையும் காட்டினார்கள். நான் எழுந்தேன். அலைகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் செதுக்கிய பாறைக் கடற்கரை என்றேன். அயர்லாந்தையும் இழுத்து வைத்துப் பேசினேன். பள்ளங்களின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, இந்த நேர்கோடுகள் அலை அரிப்பால் உண்டானவை என்றேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“அலையா? ஏம்மா, இது கம்பிரசர் ஓட்டைம்மா. குவாரில வெடி வைக்கத் துளை போடுவாங்களே, அது. கல்லு பிளந்தா பாதித் துளை இந்தப் பக்கம் நிக்கும். இதெல்லாம் பல்லாவரம், செங்கல்பட்டுப் பக்கம் உடைச்சு லாரில ஏத்திக் கொட்டின கல்லு. உங்க ஊரு கரையே மணல் கரைதான். கடல் அரிச்சிட்டுப் போயிடுச்சு.”

முப்பது பேர் சிரித்தார்கள். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டியலில் என் பெயரை எழுதினார். “சரி, இந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போவோம். பாவம், வாழ்க்கையில ஒரு தடவை நிஜப் பாறையைப் பார்க்கட்டும்.”

“வேண்டாம் சார்” என்றேன்.

“ஏம்மா, கோச்சுக்கிட்டியா?”

“பாவம்னு கொடுக்கற இடம் எனக்கு வேண்டாம்.”

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் உட்கார்ந்தேன். என் பெயரை அடித்துவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒகேனக்கல்லைப் பற்றிச் சுமாராகப் பேசிய ஒருத்திக்கு அந்த இடம் போனது.

வீட்டில் டூர் ரத்தாகிவிட்டது என்று சொன்னேன். அம்மா ஏற்கெனவே மலை ஏற வேண்டும் என்று எனக்கு ஷூ வாங்கி வைத்திருந்தார். நீலக் கலர், வெள்ளை லேஸ். அட்டைப் பெட்டியோடு பீரோவின் மேல் இருந்தது.

“இன்னாடி ரத்து? நான் தெரு பூரா சொல்லிட்டு வந்துகீறேன்.”

“மழை வருமாம்.”

“கோடையில மழையா?”

“ஆந்திராவுல வரும்.”

வேன் போன அன்று நான் பின்வாசல் பாறையில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கல்லிலும் அந்தத் துளைகள். எப்படி இத்தனை ஆண்டுகள் பார்க்காமல் இருந்தேன்? எந்த அலையாவது கோடு போட்டு, ஒரே அளவு இடைவெளி விட்டு அரைக்குமா?

மறுநாள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கின. அம்மா மணி பார்க்க என் போனை எடுத்தார். திரையில் செந்நிறப் பள்ளத்தாக்கின் விளிம்பில் பன்னிரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

“இது யாரு? உங்க கிளாஸ் புள்ளைங்க தானே? எங்கடி நிக்குதுங்க?”

அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டே நின்றார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். துளை, சிரிப்பு, பாவம், வேண்டாம் சார். நைனாவும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அலை செதுக்கியது என்ற இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை நான் முறைத்தேன்.

“அந்தக் கல்ல கொட்டினதே நான்தான்டி” என்றார். “நீ பொறக்கறதுக்கு முன்னாடி. மணல் பூட்ச்சி, படகு இழுத்துப் போட எடம் இல்ல. தொழில் இல்லாம குந்திகினு இருந்தோம். காண்டிராக்டர் வந்து, லாரிக்குக் கொடி காட்ட ஆளு வோணும்னான். நின்னேன். அதோ, அந்த மொட்டக் கல்லு தெரியுதே, அங்கதான் நம்ம பழைய வூடு இருந்துச்சு. பாதி கடலு தின்னுச்சு. மீதி மேல நான்தான் கொடி காட்டி லாரியக் கொட்டச் சொன்னேன்.”

அப்போது அவர் சிரிக்கவில்லை.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா? போட்டோ புடிக்கறப்ப எட்டிப் பாத்தேன். உனக்குப் புரியாதுன்ட்ட.”

பள்ளிக்கூடம் போகாதவரிடம் பாறையைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். பேராசிரியர் என்னைப் பார்த்துப் ‘பாவம்’ என்று சொன்ன அதே தொனியில்தான் நான் நைனாவிடம் ‘சும்மா இரு’ என்று சொல்லியிருந்தேன். அவருடைய இடத்தை அவர் விட்டுக்கொடுத்துவிட்டு டீ டம்ளரோடு எழுந்து போனார். நான் சொன்னதுபோல ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல அவருக்கு வழியில்லை, எதிரே இருந்தது சொந்த மகள்.

அம்மா நைனாவைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேறு கோபம்.

“அந்தாளு சிரிச்சா இன்னா? பாவம்னா இன்னா? நான் தெனம் பத்து வூட்டு வாசல்ல, நாத்தம், தள்ளி நில்லுன்னு கேட்டுகினுதான் மீனு விக்கறேன். வித்துட்டு வரேன்ல? நீ ஏறிக் குந்தினு போய் பாத்துட்டு வந்திருக்கணும். பாக்கணும்னு தானேடி கல்லப் படிச்ச? கடைசில அந்தாளும் பாத்தான், அந்தப் புள்ளைங்களும் பாத்துதுங்க. நீ இன்னாத்தப் பாத்த?”

இன்று வகுப்பில் பிள்ளைகள் எழுந்து கேட்பதும் அதே கேள்விதான்.

அடுத்த ஆண்டுகளில் வேறு களப்பயணங்கள் வந்தன, செங்கல்பட்டுக் குவாரிக்கும் கடலூர்ப் பக்கத்துக்கும். கண்டிகோட்டாவுக்கு மறுபடி வேன் போகவில்லை. எங்கள் பின்வாசலில் கிடக்கும் கருங்கல், கண்டிகோட்டாவின் பாறையைவிட மிக மூத்தது என்று இரண்டாம் ஆண்டில் படித்தேன். அதைப் படித்தபோது மனம் ஆறும் என்று எதிர்பார்த்தேன். ஆறவில்லை. வயதான கல்லாக இருந்தாலும் அது உடைத்துக் கொண்டுவந்த கல். அதற்கு அடியில் எங்கள் வீடு இருக்கிறது.

ஷூ ஓராண்டு பெட்டிக்குள் இருந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அம்மாவே அதை எடுத்துப் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார். ஐஸ் தண்ணீரிலும் மீன் செதிலிலும் நடந்து நடந்து நீலம் போய், சோல் பிளந்தது. எனக்கு என்று வாங்கியது அவருக்கு ஓர் அளவு பெரிது. நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று மாட்டும்.

“நீயே போட்டிருக்கலாம்” என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. வாசலில் கழற்றி, கல்லில் தட்டி, தண்ணீரை வடித்துக் கவிழ்த்து வைப்பார். நான் பார்க்கிற இடத்தில்தான் வைப்பார்.