மோட்டாரைத் தூக்க ஜிம்முக்குப் போனேன்

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மாசாயிலிருந்து, சிங்கப்பூரில் இருக்கும் தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டாரில், அதாவது மோட்டார் சைக்கிளில், போய் வருகிறேன். விடியற்காலையில் எல்லைப் பாலத்துக்கு முன்னால், மோட்டார் பாதையில், ஆயிரக்கணக்கான பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க ஊர்ந்துகொண்டிருப்போம். அந்தக் கூட்டத்தில் ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தேன். அடி பெரிதாக இல்லை. ஆனால் காலை உருவிக்கொண்டு எழுந்த பிறகு மோட்டாரை என்னால் நிமிர்த்த முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் இறங்கி வந்து தூக்கி நிறுத்திவிட்டு, "ஏன்க்கா, பஸ்ல போலாம்ல?" என்றார்கள். உதவி செய்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்று தெரியும். இருந்தும் கோபம் வந்தது.

வீட்டில் அதற்கு மேல். "இன்னொரு தடவ விழுந்தா மோட்டார வித்துருவேன்" என்றார் என் கணவர். என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கிய மோட்டார் அது. பஸ்ஸை நம்பினால் ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. மோட்டார் போனால் வேலையும் போனது என்றுதான் அர்த்தம்.

அதனால்தான் ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். முதல் நாள் ஓர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க கோல் என்னக்கா, எதுக்காக ஜிம்முக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"கீழ விழுந்த மோட்டார நானே தூக்கி நிறுத்தணும்."

சிரித்தார். "அது சரிக்கா. தீபாவளிக்குள்ள பத்து கிலோ கொறச்சிடலாம், ஓகே லா?" என்று சொல்லிக்கொண்டே 'எடை குறைப்பு' என்று எழுதிவிட்டார். படித்த பிள்ளை, தெரியாமலா சொல்வார் என்று நானும் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் ஓட்ட இயந்திரத்தில் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். நான்கு கிலோ குறைந்தது. வேலையிடத்துத் தோழிகள், கோயிலில் பார்த்தவர்கள், நாத்தனார், எல்லாரும் "அழகாயிட்டீங்க" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுக்குமாடிக்குக் கீழே புல்லில் மோட்டாரை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பாலத்துக்கு முன்னால் விழுந்தபோதாவது கொஞ்சம் அசைந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிக் கொடுத்தார். இரண்டு மாதமாக யாருடைய ஆசைக்காக இப்படி வியர்வை சிந்தினேன்?

மறுநாள் அட்டையைக் கேட்டு வாங்கினேன். 'எடை குறைப்பு' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு நானே எழுதினேன்: 'பாலத்தில் மோட்டார் விழுந்தால் யார் உதவியும் இல்லாமல் நிமிர்த்த வேண்டும். மழைக்காலத்துக்குள்.'

"இதுக்கு என்னென்ன செய்யணுமோ அத மட்டும் சொல்லுங்க தம்பி. வேற எதுவும் வேணாம்" என்றேன்.

அவர் அட்டையை வாங்கிப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மோட்டாருக்கு முதுகக் காட்டி உக்காரணும்க்கா. கையால இழுக்கக் கூடாது, காலால எந்திரிக்கணும்" என்றார். முதல் நாளே இவருக்கு இது தெரிந்திருக்கிறது. நான் சொன்னதைக் கேட்கத்தான் காது இல்லை.

அதற்குப் பிறகு இரும்போடுதான் மல்லுக்கட்டு. எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தேன், தரையில் கிடந்ததைத் தூக்கினேன், சோற்றை முழுசாகச் சாப்பிட்டேன். குறைந்த நான்கு கிலோவும் திரும்பி வந்தது. "ஜிம்முக்குப் போயி குண்டாயிட்டீங்களே அண்ணி" என்று நாத்தனார் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை.

மழைக்காலத்தில், அதே பாதையில், மறுபடி விழுந்தேன். அதே ஹாரன் சத்தம். ஒருவர் இறங்கப் பார்த்தார். "வேணாம்ணே" என்றேன். மோட்டாருக்கு முதுகைக் காட்டிக் குந்தி, பிடித்து, காலை ஊன்றி எழுந்தேன். மோட்டாரும் என்னோடு எழுந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப மறுபடி விழுந்துட்ட. வித்துற வேண்டியதுதான்" என்றார்.

"கீழ வாங்க" என்றேன். "நான் சாய்ச்சுப் போடுறேன். நீங்க ஒருவாட்டி தூக்கி நிறுத்துங்க. அப்புறம் வித்துக்கங்க."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் போய் அதை அணைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.